ஆயுத பூஜைக்கு அணைத்த மெஷின்

அம்மா இறந்த பதினைந்தாம் நாள் காலை, கம்பெனி மேனேஜர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். துக்க வீட்டில் "வாங்க" என்று கூப்பிடக் கூடாது, யாரும் கூப்பிடவில்லை. அவரே வந்து உட்கார்ந்தார்.

"மெஷின் படுத்துருச்சு தம்பி. ரெண்டு நாளா ஒரு பில்லு போட முடியல."

மறுநாள் அம்மாவுக்குக் காரியம். நான் ஒரே மகன். சித்தப்பா அவரை முறைத்தார். நான் சட்டையை மாட்டினேன்.

"இருட்டுறதுக்குள்ள வந்துரு. நீ இல்லாம இங்க ஒண்ணும் நடக்காது," என்றார் சித்தப்பா.

உண்மையைச் சொன்னால், எனக்குப் போவதும் ஒன்றுதான், இருப்பதும் ஒன்றுதான். கொள்ளி வைத்துவிட்டு வந்ததும் பசித்தது, சாப்பிட்டேன். அன்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கல் மாதிரி இருக்கிறானே என்று சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசினார்கள். அதுவும் உறைக்கவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. சிம்மக்கல்லில் எங்கள் கம்பெனிக்கு மருந்து மொத்த வியாபாரம். ஏசி அறைக்குள் ஒரு பெரிய கம்ப்யூட்டர், நாங்கள் மெஷின் என்போம்; அதோடு இணைத்து, திரையும் கீபோர்டுமாக நான்கு டெர்மினல்கள். எந்த மருந்து எந்த ரேக்கில் இருக்கிறது என்பதெல்லாம் அதன் டேட்டாபேஸில்தான். உள்ளே நுழைந்தேன். மெஷின் நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே காய்ந்த மாலை. பாதி அப்போதே புரிந்துவிட்டது.

ஆயுத பூஜையன்று தராசுக்கு ஓய்வு, கத்தரிக்கோலுக்கு ஓய்வு. மெஷினுக்கும் இருக்கட்டும் என்று முதலாளி மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். வருஷா வருஷம் நான்தான் டேட்டாபேஸை முறையாக மூடிவிட்டு மெஷினை அணைப்பேன். இந்த வருஷம் எனக்குத் தீட்டு, பூஜைக்குப் போகவில்லை.

"சாமிக்குத்தானப்பா செஞ்சோம்," என்றார் முதலாளி. வழக்கமாக எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று வரவில்லை.

மெஷினிடம் ஒரு மருந்தைத் தேடச் சொன்னேன். டீ வந்தது, குடித்து முடித்தேன், பிறகுதான் பதில் வந்தது. மூடாமல் அணைத்ததில் இன்டெக்ஸ் உடைந்திருந்தது. அது இல்லாவிட்டால், கதவு எண் தெரியாத தபால்காரர் மாதிரி மெஷின் ஒவ்வொரு வீடாகத் தட்டிக்கொண்டு போகும். என்னோடு வேலை பார்த்தவர், பில் புரோகிராமில்தான் கோளாறு என்று நினைத்து அதை மறுபடி மெஷின் பாஷைக்கு மாற்ற, கம்பைல் செய்யப் போயிருக்கிறார். கம்பைல் ஆவதற்கும் டேட்டாபேஸைத்தான் விவரம் கேட்க வேண்டும். அது இழுக்க, கம்பைல் பாதியில் நின்றது. ஏற்கெனவே இருந்த புரோகிராமும் அதில் அழிந்தது.

"நான் வேற என்னண்ணே செய்ய?"

"சும்மா இருந்திருக்கலாம் மாப்ள."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லோரையும் டெர்மினலை விட்டு எழுப்பிவிட்டு, இன்டெக்ஸைப் புதிதாகக் கட்ட விட்டேன். வேலை ஆமையாக நகர்ந்தது. வெயில் சாய ஆரம்பித்தது. நேரமானால் எப்போதும் செய்வதையே செய்தேன். எங்கள் வீட்டுக்கு எதிரே பலசரக்குக் கடை வைத்திருந்த பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், நான்தான். அம்மாகிட்ட சொல்லிருங்க, வர லேட்டாகும். எனக்காகச் சாப்பிடாம காத்திருக்க வேணாம்."

அந்தப் பக்கம் தராசுத் தட்டு எதிலோ இடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி தம்பி. சொல்லிடுறேன்," என்றார் பாய்.

போனை வைத்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. திரும்பி டெர்மினலைப் பார்த்தேன். இன்டெக்ஸ் முடிந்திருந்தது. கம்பைல் கொடுத்தேன், ஒரு பிழையும் இல்லாமல் முடிந்தது. இருட்ட இன்னும் நேரம் இருந்தது. வெளியே இரண்டு நாள் பில் மொத்தத்தையும் பிரிண்டர் கரகரவென்று அடிக்க ஆரம்பித்தது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.