பின்டயருக்கு நாற்பத்திரண்டு

மலைநாட்டில் மண் சரிந்து, களனி ஆறு ஊருக்குள் வந்து, நாடே நாறிப்போய்க் கிடந்த அந்த வாரத்தில் ஒரு காலை. கொட்டாஞ்சேனையில் எங்கள் டயர் கடையின் பாதிக் கதவைத்தான் திறந்திருந்தேன். ரிஸ்மியின் ஜீப் வந்து நின்றது. பின்பக்கம் தாழ்ந்து, மட்கார்டுக்கும் டயருக்கும் இடையில் விரல்கூட நுழையாத நிலைமை.

ரிஸ்மி வெள்ளவத்தையில் தரை ஓடு, குழாய்ச் சாமான் விற்கிறவர். சேற்றிலும் மணலிலும் ஜீப் ஓட்டுவது அவருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். அதனால் எங்கள் கடைக்குப் பழக்கம். அன்றைக்கு அவருடைய அக்கா ஃபஸ்லினா டீச்சரும் முன் சீட்டில் இருந்தார். அழுது முடித்த முகம்.

"வாப்பா மௌத்தாகிட்டாரு, அண்ணே" என்றார் ரிஸ்மி. "ராத்திரி. ஊர்ல கரண்டும் இல்ல, ஐஸும் இல்ல. லுஹர் தொழுகையோட எடுக்கணும் எண்டு சாச்சா செல்றாரு. ரோட்டெல்லாம் போய்ட்டு. டயரக் கொஞ்சம் பாத்துத் தாங்க."

ஊர் கண்டிக்கு அப்பால். லுஹர் என்பது நடுப்பகல் தொழுகை. இறந்த அப்பாவை அதோடு அடக்கம் செய்துவிடச் சித்தப்பா, அவர்கள் சொல்லும் சாச்சா, அவசரப்படுகிறார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நல்ல ரோட்டாக இருந்தாலே மூச்சுப் பிடித்துத்தான் போக வேண்டும்.

"பின்னால என்ன தம்பி இவ்வளவு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நாங்க போறமெண்டு தெரிஞ்சதும் லேன்ல உள்ள எல்லாரும் கொண்டு வந்து ஏத்திட்டாங்க. எப்பிடி வாணாம் எண்டு செல்ற?"

கதவைத் திறந்து பார்த்தேன். அரிசி மூட்டைகள், தண்ணீர்க் கேன்கள், பால்மா, பாய், மெழுகுதிரி. கோயிலடிக் கடைக்காரர் கொடுத்த பருப்பு, பக்கத்துச் சிங்கள வீட்டார் கொடுத்த போர்வைகள். ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயரும், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கும் சனத்துக்கு என்றும் எழுதியிருந்தது. நம்முடைய ஆட்கள் இப்படித்தான். ஒரு வாகனம் அழிவு நடந்த பக்கம் போகிறது என்று தெரிந்தால் அது வெறுமையாகப் போக விடமாட்டார்கள். நல்ல மனசுதான். ஆனால் அந்த மனசின் பாரம் முழுக்க இரண்டு பின்டயரில்தான் இறங்குகிறது.

எண் என்றால் எது?

இந்த இடத்தில் வேலை பழகுகிற பொடியன்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் டயர் வேலைக்காரன் என்று தெரிந்தால் போதும், கல்யாண வீட்டில்கூடப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள்: "அண்ணே, ஜீப்புக்குக் காத்து எத்தின பிஎஸ்ஐ?" ஒரே ஓர் எண் வேண்டும் அவர்களுக்கு. எங்கே போகிறாய், என்ன பாரம், என்ன வேகம் என்று திருப்பிக் கேட்டால், இந்த ஆளுக்கு வேலை தெரியாது போல என்று அடுத்த ஆளைத் தேடிப் போவார்கள். எனக்கு அதில் எரிச்சல் வந்து வந்து இப்போது பழகிவிட்டது.

ரிஸ்மியின் ஜீப்பையே எடுங்கள். வெறும் வண்டியாகக் காபட் ரோட்டில், அதாவது நல்ல தார் ரோட்டில், ஓட முன்னுக்கு முப்பது, பின்னுக்கு முப்பத்திரண்டு போதும். அன்றிருந்த பாரத்துக்குப் பின்டயருக்கு நாற்பத்திரண்டு வேண்டும். அதே நாற்பத்திரண்டோடு சேற்றில் இறங்கினால் டயர் உருண்டையாக நின்று, குழி தோண்டிக்கொண்டு உள்ளே போகும். சேற்றுக்கு முன் பதினெட்டு, பின் இருபத்துநான்கு என்று இறக்க வேண்டும். அப்போதுதான் டயர் தட்டையாகப் படுத்து மண்ணைப் பிடிக்கும். சேறு முடிந்து மறுபடி காபட் வந்தால் மறுபடி அடிக்க வேண்டும். அடிக்காமல் பாரத்தோடு வேகமாக ஓடினால் டயரின் பக்கச் சுவரான சைட்வால் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும். மலை வளைவில் டயரின் ஓரம் ரிம்மை விட்டுக் கழன்றாலும் கழலும். அங்கே கழன்றால் பிறகு வண்டியைத் தேடக் கயிறு வேண்டும்.

காற்றை அடித்து முடித்து, காற்றை அளக்கும் கேஜை ரிஸ்மியிடம் கொடுத்தேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எண்ணைத் தேடினார். இந்த நிலையில் இந்த மனுஷனைச் சேற்றில் இறங்க விட்டால் அந்த வீட்டில் ஒரு மௌத்தோடு நிற்காது என்று பயம் வந்தது.

"சாவியத் தாங்க, தம்பி" என்றேன். "நான் வாறன்."

சேறு முடிந்த இடம்

கண்டி வீதி பாதியில் மூடப்பட்டிருந்தது. தோட்டங்களுக்குள்ளால் ஒரு சுற்றுப்பாதையைக் காட்டி அனுப்பினார்கள். மறிப்பில் நின்ற ஆமிக்காரர் பின்பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "பர வெடியி, ஹெமின் யன்ன" என்றார். பாரம் கூட, மெதுவாகப் போங்கள் என்று சொன்னார். அவர் சொல்லி என்ன, டீச்சரின் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் சாச்சாதான்.

சேறு தொடங்கும் இடத்தில் இறங்கி நாலு டயரிலும் காற்றை இறக்கினேன். இறக்குவது சுருக்கான வேலை, வால்வைத் திறந்துவிட்டால் அதுவே போகும். அதற்குப் பிறகு வந்த பாதையை நான் விவரிக்கப்போவதில்லை. ஒரு வீட்டின் கூரை மட்டும் பாதை ஓரத்தில் இருந்தது. கூரைக்கு மேல் ஒரு நாய் நின்றது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு ஓதிக்கொண்டே வந்தார். ஜீப் எங்கும் மாட்டவில்லை. பதினெட்டும் இருபத்துநான்கும் சரியான கணக்குத்தான்.

கடைசியில் காபட் ரோட் வந்தது. கழுவி விட்டது போலக் கிடந்தது, ஒரு வாகனம் இல்லை. ஊருக்கு அது ஒன்றுதான் பாக்கி, ஆனால் முழுக்க இறக்கமும் வளைவும். அங்கிருந்த பெற்றோல் செட்டில் கரண்ட் இல்லாததால் காற்று மெஷின் வேலை செய்யவில்லை. ரிஸ்மியிடம் இருந்தது பெட்டரியில் கொழுவி அடிக்கிற சின்னக் கொம்ப்ரசர். ஒரு டயரை நிரப்புவதற்குள் அது சூடாகிவிடும், ஆற விட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். நான் ஜீப்பை ஓரங்கட்டினேன்.

"ஏன் நிப்பாட்டுறீங்க?" டீச்சர் கேட்டார்.

"காத்து அடிக்கோணும், டீச்சர்."

"ரோடு நல்லாத்தானே ஈக்கி! இப்பிடியே போங்க அண்ணே. அல்லாவுக்காகப் போங்க."

"இந்தக் காத்தோட மெதுவாத்தான் போகலாம். உருட்டிக்கொண்டு போனா லுஹருக்குப் போய்ச் சேர ஏலாது. வேகமாப் போறதெண்டா அடிச்சிட்டுத்தான் போகோணும்."

இரண்டிலும் நேரம் போகும். அடித்துவிட்டுப் போவதில் கொஞ்சம் குறைவாகப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம். அதைச் சொல்லும்போதே கொம்ப்ரசரைக் கொழுவிவிட்டேன்.

டீச்சர் இறங்கி வந்து பின்கதவைத் திறந்தார். "அப்ப இந்த மூட்டையெல்லாம் எறக்குங்க. எறக்கிப் போட்டா இந்தக் காத்துக் காணுமா, காணாதா?"

கேள்வி சரியான கேள்வி. பாரம் இல்லாவிட்டால் இருபத்துநான்கோடு நான் ஓரளவு வேகமாகப் போயிருப்பேன். "ஓம், சமாளிக்கலாம்" என்றேன்.

ரிஸ்மி முதல் மூட்டையில் கை வைத்தார். பிறகு கையை எடுத்துவிட்டார். ரோட்டில் யாரும் இல்லை. பெற்றோல் செட்டும் பூட்டிக் கிடந்தது. ஒப்படைத்துவிட்டுப் போக ஓர் ஆள் இல்லை.

"தாத்தா" என்றார். அக்காவை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "இது அமானிதம். ஆக்கள் எங்கள நம்பித் தந்த சாமான். பள்ளிக்கூடத்துல பச்சப் புள்ளைகள் பாலில்லாம ஈக்குதுகள். ரோட்டுல போட்டுட்டு எப்பிடிப் போற?"

"உனக்கென்ன, நீ ஆம்புள. எடுத்தாலும் மையவாடிக்கு ஓடிப் போய்ப் பாப்பாய்" என்றார் அவர். "ஊட்ட விட்டுத் தூக்கிட்டா எனக்கு ஒண்டுமில்ல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த ஊரில் பெண்கள் மையவாடிக்கு, அடக்கம் செய்யும் இடத்துக்கு, போகும் வழக்கம் இல்லை. ஜனாஸா, அதாவது வாப்பாவின் உடல், வாசலைத் தாண்டும் வரைதான் மகளுக்கு நேரம். நானும் ரிஸ்மியும் கொம்ப்ரசரும் எல்லாம் சேர்ந்து அந்த நேரத்தைத் தின்றுகொண்டிருந்தோம்.

ரிஸ்மி அழுதார். ஆனால் மூட்டையை இறக்கவில்லை. டீச்சர் ரோட்டோரத்துக்குப் போய் நின்றார்.

கொம்ப்ரசர் இரைந்துகொண்டிருந்தபோது எங்கள் பின்னால் சேற்றிலிருந்து இன்னொரு ஜீப் ஏறி வந்தது. பச்சை நிறம். கூரை வரை தண்ணீர்ப் போத்தல், டயரெல்லாம் தட்டையாக நசிந்திருந்தது. டீச்சர் நடு ரோட்டுக்கு ஓடிக் கையைக் காட்டினார். ஓட்டியவர் வலது கையை வெளியே விட்டு, இடமில்லை என்று ஆட்டிவிட்டு, அதே வேகத்தில் இறக்கத்தில் போனார். அடுத்த வளைவில் இவனை டயர் வெடித்து நிற்கப் பார்ப்போம் என்று நினைத்தேன். மனுஷன் நினைக்கக்கூடாததுதான். ஆனால் நினைத்தேன்.

காற்று அடித்து முடித்து நாங்கள் போனபோது எந்த வளைவிலும் அந்த ஜீப் இல்லை.

நாங்கள் ஊருக்குள் நுழைந்தபோது தொப்பி போட்ட ஆண்கள் எதிரே கூட்டமாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். சிலரின் கையில் மண் ஒட்டியிருந்தது. ரிஸ்மி ஜீப் நிற்பதற்குள் குதித்து அவர்கள் வந்த திசைக்கு ஓடினார். டீச்சர் இருந்த இடத்திலேயே இருந்தார். பள்ளிவாசலுக்கு முன்னால் பச்சை ஜீப் நின்றது. போத்தல்களை ஏற்கெனவே இறக்கி முடித்திருந்தார்கள்.

ஒரு பெண் வந்து டீச்சரைக் கட்டிப்பிடித்து, "இப்பத்தான் புள்ள தூக்கினாங்க, இப்பத்தான்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். நான் மூட்டைகளை இறக்கினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பச்சை ஜீப்பின் டயர்

சில வாரங்கள் கழித்து அந்தப் பச்சை ஜீப் எங்கள் கடைக்கே வந்தது. சேற்று டயர் வேலைக்குக் கொழும்பில் இருக்கும் கடைகளே கொஞ்சம்தான். சொந்தக்காரருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "பின்பக்கம் ஒரு ஆட்டம் இருக்கு, பாருங்களேன்" என்றார்.

டயரை ரிம்மிலிருந்து கழற்றினேன். உள்ளேயிருந்து கறுப்புத் தூள் கொட்டியது, அரைத்த மிளகுபோல. காற்றுக் குறைந்த டயர் பாரத்தோடு ஓடினால் தன் சைட்வாலைத் தானே இப்படித் தின்னும். நூல் வெளியே தெரிந்தது. அன்றைக்கு இன்னும் கொஞ்சத் தூரம் அதே வேகத்தில் போயிருந்தால் வெடித்திருக்கும். அந்த மனுஷன் தப்பியது முழுக்க முழுக்க அதிர்ஷ்டம். புது டயர் போட்டு அனுப்பினேன். பழையதை எறியாமல் கடைச் சுவரில் சாய்த்து வைத்தேன். ஏன் வைத்தேன் என்று எனக்குத் தெரியும். டீச்சருக்குக் காட்டத்தான்.

டீச்சர் வந்தார். அவருடைய சின்னக் காருக்குப் பஞ்சர். வேலை முடியும் வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். டயர் அவருக்கு எதிரேதான் இருந்தது. பாருங்கள், அன்றைக்கு நான் நிறுத்தாவிட்டால் நம்முடைய கதியும் இதுதான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது.

அவர்தான் முதலில் கதைத்தார்.

"அண்டைக்கி நீங்க செஞ்சது சரிதான், அண்ணே. ரிஸ்மி செஞ்சதும் சரி. அந்தப் பால்மாவக் குடிச்ச புள்ளைகள நான் கண்ணால கண்டேன். எல்லாரும் சரி. ஆனா நான் வாப்பாட முகத்தப் பாக்கல்ல. அதையும் நீங்க தெரிஞ்சிக்கணும், அவ்வளவுதான்."

"ஓம், டீச்சர்" என்றேன். காருக்கு முப்பது அடித்து, வால்வ் மூடியைப் போட்டுக் கொடுத்தேன். அவர் போன பிறகு அந்த டயரைக் கொண்டுபோய்ப் பின்னால் குப்பையோடு போட்டேன். இன்னொரு தடவை அந்த ரோட்டில் நின்றாலும் நான் காற்று அடித்துவிட்டுத்தான் போவேன்.

பொடியன்களுக்குச் சொல்ல மிச்சம் இருப்பது இவ்வளவுதான். இப்போது யாராவது ஜீப்போடு வந்து எத்தனை பிஎஸ்ஐ என்று கேட்டால், ரோட்டுக்கு இவ்வளவு, சேற்றுக்கு இவ்வளவு என்று சொல்வதோடு நான் விடுவதில்லை. சேறு முடிந்ததும் ஓரங்கட்டி மறுபடி அடிக்க வேண்டும், இந்தப் பாரத்துக்கு, உங்களிடம் இருக்கிற கொம்ப்ரசரில், அதற்கு இவ்வளவு நேரம் நிற்க வேண்டும், அந்த நேரம் உங்களிடம் இருக்கிறதா என்றும் கேட்கிறேன். கேட்டதும் முகம் மாறும். மாறட்டும். சிலர் ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பி வீட்டுக்குப் போய், பாதி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வருகிறார்கள்.