ஆயாக் கொட்டகையில் அரைப்பேர்

முதல் நாள்

முதல் நாளே முப்பத்தொரு பிள்ளைகள். விடியுமுன் தாய்மார்கள் வரிசையாக வந்து இறக்கிவிட்டுப் பெரட்டுக்கு ஓடினார்கள். பெரட்டு என்றால் காலையில் ஆளெடுத்து வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். பாதிப் பிள்ளைகள் தூக்கத்தில், பாதி அழுகையில். என் வலது மணிக்கட்டில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. ஒற்றைக் கையால் முதல் பிள்ளையை ஏணையில், துணித் தொட்டிலில், போட்டேன். அது உடனே ஒன்றுக்குப் போனது.

இங்கே மலேசியாவில், கிள்ளானில், பிள்ளைக் காப்பகத்தில் வேலை பார்க்கும் பெண்கள் இரண்டு பேர், "ஆன்டி, அப்பல்லாம் ஆயாவுக்கு எவ்வளவு சம்பளம்?" என்று கேட்டதால் இதை எழுதுகிறேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்தவள். எழுத்து அழகாக இருக்காது, விஷயம் இருக்கும்.

காப்பார் பாதையில் ஒரு ரப்பர் தோட்டம். நான் வெட்டுக்காரி. காலையில் மரப்பட்டையை வெட்டிப் பால் எடுத்து, தோளில் காண்டாக் கம்பு வைத்து இரண்டு முனையிலும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடக்கும் வேலை. புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். நாலு வயதில் ஒரு மகள். மழை நாளில் வாளியோடு சறுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்தது. வெட்டுக்கு ஆகாதவள் என்று ஆயாக் கொட்டகையில் தள்ளினார்கள். எனக்கு முன்னால் அங்கே இருந்த குப்பு அக்காவை வயதாகிவிட்டது என்று இந்தியாவுக்கே கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் குப்பு அக்காவைப் பார்த்து நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்: "குடுத்து வச்சவக்கா நீ. நெழல்ல ஒக்காந்து சம்பளம்." அவள் அடுத்த பிள்ளையைத் தூக்கப் போய்விடுவாள்.

சம்பளம்

ஒரு நாள் வேலை செய்தால் செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தில் ஒரு பேர் விழும். அது முழுப்பேர். புல் பிடுங்கப் போகும் சின்னப் பிள்ளைகளுக்கு அரைப்பேர். ஆயாவுக்கும் அதே அரைப்பேர். வெட்டுக்காரி நாற்பது காசு வாங்கினால் எனக்கு இருபது. முப்பத்தொரு பிள்ளைக்குப் பொறுப்பானவளும், புல் பிடுங்கும் பிள்ளையும் புத்தகத்தில் ஒன்று.

நேரத்தைப் பாருங்கள். வெட்டுக்காரி வருவதற்கு முன்னால் நான் கொட்டகையைத் திறக்க வேண்டும். அவள் ஸ்டோரில் பாலை நிறுத்துக் கொடுத்து, வாளி கழுவி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் நான் மூட வேண்டும். நடுவில் கஞ்சி காய்ச்சி ஊட்டுவது, பீ அள்ளுவது, சிரங்குக்கு மருந்து போடுவது, ஏணைத் துணி துவைப்பது. நிழல் இருந்தது, மறுக்கவில்லை. உட்கார்ந்ததுதான் இல்லை.

லேபர் ஆபீஸிலிருந்து வெள்ளைக்காரர் ஒருவர் பார்வையிட வந்தார். அதற்கு முந்தின நாள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அவர் ஏணைகளை எண்ணினார், பால் டின்னை எண்ணினார், தரையைப் பார்த்து "குட்" என்றார். என்னை எண்ணவில்லை.

அரைப்பேரில் எனக்கும் மகளுக்கும் மாதம் முழுக்க அரிசி வராது. கடைசி வாரம் மரவள்ளிக் கிழங்குதான். ஊர்ப் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, என் பிள்ளைக்குச் சட்டியை வழித்துக் கொடுத்திருக்கிறேன். அது திருட்டா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

செக்ரோல் எழுதும் கிராணி ஐயாவிடம் போய்க் கேட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன், பேனாவைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"முழுப்பேர் போட ஏலாது. இருந்த இடத்தில இருந்து பாக்கிற வேலைக்கு இதே பெரிசு. உனக்கு அரைப்பேர் போடாட்டி, கப்பல்லதான் ஏத்த வேணும். யோசிச்சுக் கதை."

ரப்பர் விலை விழுந்த காலம் அது. நாங்கள் குடியிருந்த லயத்தில் பாதி, ஆட்களைக் கப்பலேற்றி ஏற்கெனவே காலியாகிக் கிடந்தது. யோசித்தேன்.

பெரட்டில் நின்றது

யோசித்து நான் செய்தது ஒரு முட்டாள்தனம். தாய்மார்களிடம் போனேன். "நாளைக்குப் பெரட்டுல நீங்க யாரும் வாளியத் தூக்காதீங்க. எனக்கு முழுப்பேர் போட்டாத்தான் போவோம்னு நில்லுங்க. அது போதும்" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பச்சையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் புள்ளய நீதானே பொழைக்க வச்சே, நான் நிக்காம யாரு நிப்பா?" என்றாள். அவள் மகனுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது மூன்று நாள் மடியிலேயே வைத்திருந்து, உப்புக் கஞ்சித் தண்ணீர் ஊற்றியவள் நான்.

மறுநாள் நின்றார்கள். நிஜமாகவே நின்றார்கள். இருபது பேர், காலடியில் வாளி. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கிராணி சத்தம் போடவில்லை. புத்தகத்தைத் திறந்தார். "சரி, முழுப்பேர் போடுறன். ஆனா துரை இதுக்கு வேற காசு தரமாட்டார். பிள்ளை விடுற ஒவ்வொருத்தியின்ர சம்பளத்திலயும் நாளுக்கு ஒரு காசு வெட்டுவன். ஆருக்குச் சம்மதம்? கை தூக்குங்கோ."

ஒரு காசு. ஒருத்தி கையும் மேலே போகவில்லை. முதலில் குனிந்து வாளியைத் தூக்கியவள் பச்சையம்மாள். என்னைத் தாண்டும்போது சொன்னாள்: "கோவிச்சுக்காதே அஞ்சலை. நாங்க மழையில நனையுறோம். நீ நெழல்லதானே ஒக்காந்திருக்கே."

அன்றும் அவள் மகனுக்கு நான்தான் கஞ்சி ஊட்டினேன். கோபத்தோடுதான் ஊட்டினேன்.

மறுபடியும் வாளி

ஒன்றரை வருஷத்தில் மணிக்கட்டு தேறியது. வெட்டுக்குத் திரும்பினேன், முழுப்பேர் விழுந்தது. கொட்டகைக்கு நாகம்மா என்ற தெலுங்குப் பெண் வந்தாள். பிள்ளை பெற்று உடம்பு தேறாதவள். ஆறேழு மாதம் கழித்து அவளும் பெரட்டில் வந்து நின்றாள், முழுப்பேர் வேண்டும் என்று. கிராணி அதே புத்தகத்தைத் திறந்து அதே ஒரு காசைச் சொன்னார்.

என் மகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். கொட்டகையில் எனக்குப் பிள்ளை கிடையாது. என்னிடமிருந்து ஒரு காசும் வெட்ட முடியாது. அந்தப் பெரட்டில் காசு போகும் என்ற பயமில்லாமல் வாய் திறக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். கொட்டகை வேலை என்னவென்று தெரிந்தவளும் நான்தான். நாகம்மா கிராணியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

நான் குனிந்து வாளியைத் தூக்கினேன். மற்றவர்கள் எனக்குப் பின்னால் வந்தார்கள்.

கப்பலுக்குப் பயந்தேன் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். எனக்குக் கிடைக்காதது இவளுக்கு மட்டும் ஏன் கிடைக்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

அந்த இரண்டு பெண்களுக்கும் என் பதில் இதுதான். ஆயாவுக்கு அரைப்பேர். அதை அரையாக எழுதியவர்கள் துரையும் கிராணியும். அவர்களை இன்றும் திட்டுகிறேன். ஆனால் உங்களில் ஒருத்தி என்றாவது எழுந்து கேட்டால், உங்களுக்கு அதில் ஒன்றும் வராது என்றாலும், அவள் பக்கத்தில் போய் நில்லுங்கள். நாகம்மாவுக்காக அந்த ஐந்து நிமிடம் நான் நிற்கவில்லை.