தங்கச்சிக்குக் கொண்டுபோன பால் சட்டி

ரசனையுள்ளவர்களுக்குப் பரிசு கொடுப்பது பரீட்சை எழுதுவது மாதிரி என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். பொட்டலத்தைப் பிரித்த உடனே அவர்கள் மனதுக்குள் ஒரு சிவப்புப் பேனை திறக்கும். பொருளுக்கு ஒரு புள்ளி, கொடுத்தவனுக்கு ஒரு புள்ளி என்று போட்டுவிடுவார்கள். ஐம்பதைத் தொட்டவன் இப்படி நம்பினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நம்பியதால் செய்த காரியத்தைச் சொல்ல இன்னும் வெட்கம்.

என் தங்கச்சி வீடுகளுக்கு உள் அலங்காரம் வடிவமைப்பவள். கதிரையின் காலைப் பார்த்தே அதைச் செய்தவனின் குணத்தைச் சொல்வாள். நான் கட்டுகஸ்தோட்டையில் ஒரு மின்சாரச் சாமான் கடையில் வேலை செய்பவன். எங்கள் கடையில் அழகு என்றால் மின்னுவது. இரண்டு நிறத்தில் மின்னினால் பேரழகு.

அவள் கண்டி டவுனில் அலுவலகம் திறந்தபோது நான் கொடுத்தது ஒரு பிளாஸ்டிக் நீர்வீழ்ச்சி. தண்ணீர் ஓடும், விளக்கு நிறம் மாறும், நடுவில் ஒரு குருவி கத்தும். "அழகா இருக்குண்ணே" என்றாள். அடுத்த மாதம் போனபோது அது வாசலில் காவலுக்கு இருக்கும் வாச்சரின் அறைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வாச்சர் என்னைக் கண்டதும் எழுந்து நின்று நன்றி சொன்னார். அன்றைக்கே எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

பிறகு அவளும் மாப்பிள்ளையும் அம்பிட்டியவில் வீடு கட்டினார்கள். பால் காய்ச்ச நாள் குறித்ததும் போன் வந்தது.

"அண்ணே, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிறோம். பால் சட்டி மட்டும் நீங்கதான் கொண்டாரணும். நான் வாங்கி வைக்கல."

"எப்படிச் சட்டி?"

"சட்டி மாதிரி சட்டிண்ணே. பால் பொங்கினாச் சரி."

எங்கள் ஆட்களிடம் உள்ள வழக்கம் அது. புது வீட்டில் முதல் பால் பொங்கும் சட்டி பெண்ணின் பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். அதை அடுப்பில் ஏற்றுவது அவளுடைய அண்ணனோ தம்பியோ. அப்பாவும் அம்மாவும் தெல்தோட்டையில் அடுத்தடுத்து இறந்துபோன பிறகு, பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருந்தது நான் ஒருவன்தான். அதைத்தான் அவள் கேட்டிருக்கிறாள். எனக்கோ சட்டி என்ற சொல் மட்டும்தான் காதில் நின்றது. அந்தச் சமையலறையை ஏற்கெனவே பார்த்திருந்தேன். சாம்பல் நிறச் சீமெந்துச் சுவர், கைப்பிடியே இல்லாத இழுப்பு லாச்சிகள். எதை எங்கே இழுப்பது என்று தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டு நின்றவன் நான். அந்த அறைக்கு நான் ஒரு சட்டி தேர்ந்தெடுப்பதா?

முதலில் கட்டுகஸ்தோட்டைப் பாத்திரக் கடைக்குப் போனேன். ஒவ்வொரு பித்தளைச் சட்டியாக எடுத்துத் திருப்பி, தட்டி, தூரத்தில் வைத்துப் பார்த்தேன். கடைக்கார முதலாளி கன்னத்தில் கை வைத்துவிட்டார்.

"என்ன அண்ணே, சட்டி வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா? ஒரு மணித்தியாலமாத் திருப்பித் திருப்பிப் பாக்குறீங்க."

"தங்கச்சிக்கு. அவ டிசைனர்."

"டிசைனர் ஊட்டுல பால் மேல நோக்கிப் பொங்காதோ?"

வெட்கத்தில் ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். நல்ல சட்டிதான். விளிம்பைச் சுற்றிப் பூவேலை. வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்தப் பூக்கள் ஒவ்வொன்றும் என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது. இரவெல்லாம் போனில் வீடியோ பார்த்து, நவீன ரசனை என்றால் எதையும் குறைத்துக்கொண்டே போவது என்று கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததை மனைவியிடம் விளக்கினேன்.

"அப்ப உங்க வாயில இருந்து ஆரம்பிங்க" என்றாள் அவள்.

மறுநாள் டவுனில், அழகான பொருட்கள் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். கறுவா வாசம், மெல்லிய வெளிச்சம். ஒரு பெரிய மேசையில் ஒரே ஒரு பாத்திரம், நேர்முகப் பரீட்சைக்கு வந்த மாதிரித் தனியாக உட்கார்ந்திருந்தது. கறுப்பு மண் சட்டி. பூ இல்லை, பளபளப்பு இல்லை. கையில் எடுத்ததும் வைக்க மனம் வரவில்லை. உண்மையிலேயே அழகு, அதை மட்டும் இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

"அங்கிள், இது பார்வைக்கு வைக்கிறது. அடுப்புல வைக்க ஏலாது, வெடிச்சிரும்" என்றாள் அங்கே நின்ற பிள்ளை.

அந்த ஒரு வசனம் எனக்குப் போதுமாக இருந்திருக்க வேண்டும். வாங்கினேன். அலுமாரியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வாரம் பார்த்தேன். பொங்குவதற்குப் பித்தளை, பரிசுக்குக் கறுப்பு, இரண்டையும் கொண்டுபோகலாமே என்று எந்தப் புத்தியுள்ளவனும் நினைப்பான். நான் நினைத்தது வேறு. இரண்டையும் கொண்டுபோனால் எனக்கு எது அழகு என்று தெரியாத விஷயம் எல்லாருக்கும் தெரிந்துவிடும்!

மனைவியும் பிள்ளைகளும் முதல் நாளே அம்பிட்டியவுக்குப் போய்விட்டார்கள். நல்ல நேரம் காலை ஏழு பத்திலிருந்து ஏழு நாற்பது வரை. கடைசியில் பித்தளையே சரி என்று முடிவெடுத்து, மனைவிக்குப் போனில் சொல்லிவிட்டு ஆறு மணிக்கு முன்பே பஸ் ஏறினேன். இப்போது நினைத்தால் அந்த நாளில் நான் புத்தியோடு இருந்தது அந்தக் கால் மணித்தியாலம்தான். பாலத்துக்கு மேல் பஸ் நின்றது. பையைத் திறந்து பார்த்தேன். மகாவலிப் பக்கமிருந்து வந்த வெளிச்சத்தில் அந்தப் பூவேலை பளீரென்று அடித்தது. அந்தச் சாம்பல் சுவர் கண்ணுக்கு முன்னால் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கடைசியாக அந்த வாச்சரும் வந்தார்.

"இறங்கணும், இறங்கணும்!"

பாலத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். நடந்தேன் என்பது மரியாதைக்கு. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். பித்தளையை அலுமாரியில் வைத்து, கறுப்பை எடுத்து, த்ரீவீலில் ஏறியபோது ஆறே முக்கால். அந்த நேரத்தில் கண்டிக்குள் போவது ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றிய வேன்களுக்குப் பின்னால் ஊர்வலம் போவது என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் போனேன்.

ஏழு இருபத்தைந்துக்கு மனைவி போன் எடுத்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"குளத்துக்கிட்ட."

"அம்பிட்டியப் பக்கமா?"

"இல்ல, மத்தப் பக்கம்."

"அஞ்சே முக்காலுக்குக் கிளம்புன மனுசன் ஏழரைக்குக் குளத்துக்கு மத்தப் பக்கம் என்னங்க செய்றீங்க?"

போன் கை மாறியது. தங்கச்சி.

"அண்ணே, எந்தச் சட்டியா இருந்தாலும் பரவால்ல. நீங்க வாங்கண்ணே."

என் வாழ்க்கையில் வாயை மூடியிருக்க வேண்டிய இடங்களுக்கு ஒரு பட்டியல் போட்டால் இது முதலாவதாக வரும். "கவலப்படாதே, டிசைனருக்கு ஏத்த சட்டி வருது! பாலே வெக்கப்பட்டுத்தான் பொங்கும்" என்றேன். முன்னால் த்ரீவீல்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "சரிண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மடியில் இருந்த சட்டியை நான் பார்க்கவே இல்லை. நேரத்தைத்தான் பார்த்தேன். ஏழு முப்பத்தைந்துக்கு இறங்கி ஓடலாமா என்று யோசித்தேன். அம்பிட்டிய ஏற்றத்தைப் பற்றிய நினைவு உட்கார வைத்தது.

நான் வாசலில் செருப்பைக் கழற்றியபோது எட்டு ஐந்து. எல்லாரும் கையில் பால் டம்ளரோடு நின்றார்கள். தங்கச்சி எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள். பொட்டலத்தைப் பிரித்து, சட்டியை இரண்டு கையாலும் ஏந்தி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்குண்ணே" என்றாள். இந்த முறை உண்மையாகவே சொன்னாள். முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. முழுப் புள்ளி வாங்கிவிட்டேன். கையில் இருந்த பால் ஆறிக்கொண்டிருந்தது, குடிக்க முடியவில்லை.

நடந்ததை மனைவிதான் பிறகு சொன்னாள். போனை வைத்த பிறகு தங்கச்சி வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சட்டி வாங்கி வரலாம் என்று யாரோ சொன்னதற்கு, அண்ணன் வந்துவிடுவார் என்றாளாம். ஏழு முப்பத்தெட்டு வரை நின்றாள். பிறகு, வீடு கட்டிய பாஸ்மார் தேத்தண்ணி வைத்த அலுமினியச் சட்டியைக் கழுவி எடுத்தார்கள். அதை அடுப்பில் ஏற்றியது மாப்பிள்ளையின் அண்ணன்.