துறைத்தலைவி மாடியேறிய கதை

முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் உளவியல் துறைக்குத் தலைமை தாங்குவது லேசுப்பட்ட காரியமல்ல என்று அதன் கண்காணிப்பாளர் அடிக்கடி சொல்வார். அவர் ஓய்வுபெற்ற கர்னல். அடுத்தவர் வேலையைப் பற்றி அவர் நல்ல வார்த்தை சொல்வது அபூர்வம் என்பதால், புதிதாகப் பதவியேற்ற துறைத்தலைவி அதை அப்படியே நம்பிவிட்டார். இனி இவரைத் தலைவி என்றே சொல்வோம். பழம்பாடல்களில் வளை நெகிழ மெலிந்துபோகிறாளே, அந்தத் தலைவியல்ல. இவர் கொஞ்சம் பூசினாற்போல இருப்பார்; கணவரும் பொருள் தேடி எங்கும் பிரிந்து போகவில்லை.

பதவிக்கு முன்னால் பல வருடம் தரைத்தளத்தில், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்து அறையில் வேலை பார்த்தவர் அவர். அறை என்பது மரியாதைக்குச் சொல்வது. ஸ்ட்ரெச்சர் நிறுத்தும் இடத்தைப் பலகை வைத்துத் தடுத்திருந்தார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் கம்பவுண்டர், "சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, அப்புறம் ஒண்ணு" என்று முழங்கிக்கொண்டிருப்பார். இந்தப் பக்கம் ஒரு மனிதர், தான் பார்த்திருக்கக் கூடாத ஒன்றைச் சொல்ல அப்போதுதான் வாயெடுத்திருப்பார். தலைவியின் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. முக்கியமாக எதையாவது கேட்க முன்னால் சாய்ந்தால் நாற்காலியும் சேர்ந்து சாயும். எதிரே இருப்பவர்தான் எட்டிப் பிடிக்க வேண்டும்.

"பாத்து உக்காருங்கம்மா, விழுந்துடாதீங்க" என்று ஆரம்பித்துத்தான் பாதிப் பேர் மனம் திறந்தார்கள். "உங்களுக்கே ஒரு ஒழுங்கான நாற்காலி குடுக்க மாட்டேங்கறானுங்க. நீங்க எங்களை எங்கேர்ந்து தூக்கி நிறுத்தப்போறீங்க" என்பார்கள். பிறகு பாவம் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். தன் வெற்றிக்குக் காரணம் தான் கற்ற சிகிச்சை முறைகள் என்று தலைவி கருதினார். படித்தவர்கள் அப்படித்தான் கருத வேண்டும். இல்லாவிட்டால் பல்கலைக்கழகங்களின் கதி என்னாவது?

அந்த நாற்காலியை அதிகம் தாங்கிப் பிடித்தவர் ஓர் ஓட்டுநர். ராணுவ லாரி ஓட்டியவர். வரிசையாகப் போய்க்கொண்டிருந்தபோது தனக்குப் பின்னால் வந்த லாரி வெடித்துச் சிதறியதைப் பக்கக் கண்ணாடியில் பார்த்தவர். அன்றிலிருந்து எந்தக் கண்ணாடியிலும் முகம் பார்ப்பதில்லை. சவரம் கைத்தடவலில்தான் நடக்கும். தாடையில் எப்போதும் ஒரு கீறலும், கத்திக்குத் தப்பிய நாலு மயிரும் இருக்கும். கூட்டாளிகள் அவருக்குக் 'கண்ணாடி' என்று பெயர் வைத்தார்கள். பட்டாளத்தில் அன்பு காட்டுவது இப்படித்தான்.

கண்ணாடி கிளட்ச் பிளேட்டைப் பற்றி வாரக்கணக்கில் பேசுவார். நடுவில், கேட்பவர் எதிர்பார்க்காத நேரத்தில், ஒரு வாக்கியம் விழும். பின்னால் வந்த லாரியை ஓட்டியவனுக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே தான்தான் என்பதை அவர் அப்படித்தான் சொன்னார். சொல்லிவிட்டு நாற்காலியின் குட்டைக்காலைக் குனிந்து பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் அழுதார். இன்னும் சொல்லாதது நிறைய இருந்தது. அதற்காகத்தான் அவர் வந்துகொண்டிருந்தார்.

பதவி வந்தது. தலைவி மாடியேறினார். கர்னலின் அறைக்கு அடுத்த அறை. மேஜை மேல் ஒரு லாரியைத் திருப்பி நிறுத்தலாம். நாற்காலியின் முதுகு தலைவியின் தலைக்கு மேலும் ஒரு முழம் உயர்ந்து நின்றது. வாசலில் ஒரு பியூன். அவர் ஒருநாளும் பட்டாளத்தில் இருந்ததில்லை. ஆகவே அந்தக் கட்டடத்திலேயே மிகவும் மிடுக்கான சிப்பாய் அவர்தான். தலைவி மேல் அவருக்கு மெய்யான மரியாதை. வருகிறவர்களை நிறுத்தி, பித்தானைப் போடச் சொல்லி, பாடம் நடத்தித்தான் உள்ளே விடுவார்.

"உள்ள போனதும் நேரா நில்லு. உக்காருன்னா மட்டும் உக்காரு. மேடத்துக்கு ஆயிரம் வேலை. வளவளன்னு பேசாம சுருக்கமா சொல்லிட்டு வா."

கதவு கனமான மரம். இந்தப் பாடம் தலைவியின் காதுக்கு எட்டவில்லை.

பதவி வந்தவுடன் பழையவர்களைக் கைகழுவுகிற ரகமல்ல தலைவி. "கஷ்டமான கேஸ் எல்லாத்தையும் நானே வெச்சுக்கறேன்" என்று அறிவித்தார். அதன்பின் நடந்ததுதான் அதிசயம். வருடக்கணக்காகத் தேறாதவர்கள் எல்லாரும் வரிசையாகத் தேறினார்கள். தூக்கம் வருகிறதா? வருகிறது மேடம். கோபம்? இல்லை மேடம். வீட்டில்? எல்லாம் சரி மேடம்.

பட்டாளத்தில் மேலதிகாரி கேட்டால் முதல் பதில் அதுதான். முழங்காலுக்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லாவிட்டாலும் முதலில் எல்லாம் சரி. காலைப் பற்றிய விவரம் கேட்டால்தான் அடுத்தது. இந்த வழக்கம் தலைவிக்குத் தெரியாததல்ல. இதைப் பற்றி ஒரு கருத்தரங்கில் கைதட்டல் வாங்கியவர் அவர். தானும் ஒரு மேலதிகாரி ஆகிவிட்டோம் என்பது மட்டும்தான் அவருக்கு உறைக்கவில்லை.

கர்னல் தன் அறைச் சுவரில், குணமானவர்கள் எண்ணிக்கையைக் காட்டும் ஒரு வரைபடம் மாட்டினார். கோடு ஏணிபோல ஏறியது. "மேலிடம் சரியா இருந்தா கீழ எல்லாம் தானா சரியாயிடும்" என்றார். மேலிடம் என்று யாரைச் சொன்னார் என்பது தெளிவாக இல்லை. இருவருமே தன்னைத்தான் என்று எடுத்துக்கொண்டு சந்தோஷப்பட்டார்கள்.

தரைத்தளத்துப் பலகை அறையில் இப்போது ஓர் இளம் உளவியலாளர் இருந்தார். வீரர்கள் அவரைச் சின்னம்மா என்றார்கள். அவரிடம் போனவர்கள் அழுதார்கள், கத்தினார்கள். ஒருவர் பலகையை உதைத்ததில் மறுபக்கம் இருமல் மருந்து கொட்டியது. தலைவி அவரை மேலே அழைத்தார்.

"உன் கேஸெல்லாம் ஏம்மா மோசமாவே இருக்கு?"

"மோசமா இருக்கறதாலதானே மேடம் வர்றாங்க."

"என்கிட்ட வந்தவங்களும் அப்படித்தான் வந்தாங்க. இப்ப பாரு."

சின்னம்மா கொஞ்சம் தயங்கினார். "மேடம், கண்ணாடி சார் நேத்து மருந்து ஜன்னல்கிட்ட ரொம்ப நேரம் நின்னாரு. வரிசையில இல்ல. சும்மா என் ரூம் கதவையே பாத்துக்கிட்டு."

"பழகின இடம்ல, அதான்" என்றார் தலைவி. பிறகு சிகிச்சை முறைகள் குறித்துச் சின்னம்மாவுக்கு ஒரு நல்ல விளக்கம் கொடுத்தார்.

அந்த வாரமே கண்ணாடி வந்தார். நேராக நின்றார். உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தூக்கம், கனவு, பசி எல்லாம் சரி மேடம். பின்னால் வந்த லாரி?

"அது முடிஞ்சுபோன விஷயம் மேடம்."

தலைவி அவர் முகத்தைப் பார்த்தார். அதில் இன்று ஒரு கீறல்கூட இல்லை. வழவழவென்றிருந்தது. கண்ணாடி பார்க்க ஆரம்பித்துவிட்டார். தன் வாழ்நாள் உழைப்பு ஒரு தாடையில் வந்து பளபளப்பதைத் தலைவி கண்குளிரப் பார்த்தார். எழுந்து, அந்த மேஜையைச் சுற்றி நடந்து வந்து கை குலுக்கினார். "இனிமே நீங்க வர வேண்டியதில்ல. முழுசா குணமாயிட்டீங்க."

கண்ணாடி எதையோ சொல்லப்போகிறவர்போல நின்றார். பிறகு சல்யூட் அடித்துவிட்டுப் போனார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது தலைவி இதை வீட்டில் சொன்னார். கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"பழைய கேஸ் ஒருத்தர் விடாம எல்லாருமே பாஸா?"

"எல்லாரும்தான்."

"என் கிளாஸ்ல எல்லாரும் பாஸானா, யார் யாரைப் பாத்து எழுதினான்னுதான் நான் முதல்ல தேடுவேன்."

"உங்களுக்கு என் வேலையைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது தாயே. குழம்பை இந்தப் பக்கம் தள்ளு. அப்படியே அந்தத் தலைவி பதவியைச் செருப்போட வாசல்லயே கழட்டி வெச்சிட்டு வந்தா நாங்களும் பயமில்லாம சாப்பிடுவோம்."

தலைவி குழம்பைத் தள்ளினார்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, காலையில், மாடிப்படியில் சத்தம். பியூன் ஒரு பெண்மணியிடம் சுருக்கமாகப் பேசுவது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தார். அந்தம்மா பட்டாளத்தில் இருந்தவரல்ல. பியூனை ஒரு தள்ளு தள்ளிவிட்டு உள்ளே வந்தார். கண்ணாடியின் மனைவி.

"அவரு வீட்டுக்குள்ளயே வரமாட்டேங்கறாரு மேடம். தெருவுல ஓடாம நிக்குதே ஒரு வேன், அதுல போய் உக்காந்திருக்காரு. சாப்பாடு கொண்டுபோனா கதவைப் பூட்டிக்கறாரு. வேன்ல இருந்த கண்ணாடியெல்லாம் கழட்டி எறிஞ்சுட்டாரு. நேத்து அவரு மெடலு, கைக்கடிகாரம் எல்லாத்தையும் என் தம்பிக்கே குடுத்துட்டாரு. இனிமே என்னால உனக்குத் தொந்தரவு இருக்காதுங்கறாரு."

தலைவிக்கு அந்தக் கடைசி வார்த்தைகளின் பொருள் நன்றாகத் தெரியும். அது தெரிவதற்காகத்தான் அவருக்குச் சம்பளம்.

"என்கிட்ட எல்லாம் சரின்னாரே. முகமெல்லாம் சுத்தமா சவரம் பண்ணி..."

"நான்தான் பண்ணிவிட்டேன். ஆபீசர் ரூமுக்குப் போறோம், முகம் சுத்தமா இருக்கணும்னாரு. அன்னிக்கே சரியில்ல அவரு. மேடத்துகிட்ட சொல்லுங்கன்னேன். அவங்க இப்ப ஆபீசர் ஆயிட்டாங்க, அவங்ககிட்ட போய்ப் புலம்பக் கூடாதுன்னுட்டாரு."

தலைவி எழுந்தார். அதே நேரம் கர்னல் கதவைத் திறந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் அந்த ஏணிக்கோட்டை நேரில் பார்க்க வந்திருந்தார்கள். "ஒரு நிமிஷம் வந்து முகத்தைக் காட்டிட்டுப் போங்க" என்றார்.

ஒரு நிமிஷம்தானே என்று தலைவி போனார். அந்த அம்மாவை நிற்க வைத்துவிட்டுப் போனார் என்பதையும் எழுதத்தான் வேண்டும். அடுத்த அறையில் மூவரும் பிஸ்கட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"நம்ம உளவியல் துறை எப்படி இருக்கு?" என்றார் கர்னல், விருந்தினர் பக்கம் பெருமையாகத் திரும்பி.

"எல்லாம் சரி சார்" என்றார் தலைவி.

கைகள் தாமாகவே பக்கவாட்டில் ஒட்டியிருந்தன. முதுகு நேராக இருந்தது. வெளியே, திறந்திருந்த கதவுக்கு அந்தப் பக்கம், ஓட்டுநரின் மனைவி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். தான் சொன்னது கண்ணாடி தன்னிடம் சொன்ன அதே பதில் என்று தலைவிக்கு அப்போதுதான் புரிந்தது.

"இல்ல சார். எதுவும் சரியில்ல."

"எது சரியில்ல?"

"நான் குணப்படுத்தினதா இந்தச் சுவர்ல இருக்கே, அதுல ஒருத்தராவது குணமானாரான்னு எனக்குத் தெரியல. யாரும் என்கிட்ட உண்மையைச் சொல்லல. நானும் உங்ககிட்ட சொல்லல."

கர்னல் முகம் மாறியது. வந்தவர்களில் மூத்தவர் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு, "இதைக் கொஞ்சம் எழுத்துல தர முடியுமா?" என்று கேட்டார். தலைவி அதற்குள் ஓட்டுநரின் மனைவியோடு படியிறங்கிக்கொண்டிருந்தார். பலகை அறையிலிருந்து சின்னம்மாவையும், முற்றத்திலிருந்து ஆம்புலன்ஸையும் கூட்டிக்கொண்டார்.

ஆம்புலன்ஸைத் தெருமுனைக்கு முன்பே, கண்ணில் படாமல் நிறுத்தினார்கள். வேன் ஒரு சுவரோரம், சக்கரத்தில் காற்றில்லாமல் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் கண்ணாடி. நாலைந்து நாள் தாடி. தலைவியைக் கண்டதும் அந்த மனிதர் சட்டைப் பித்தானைத் தேடினார். முதுகை நிமிர்த்தினார்.

"எப்படி இருக்கீங்க?"

"எல்லாம் சரி மேடம்."

"சரியில்லன்னு எனக்குத் தெரியும்."

"சரியாயிடும் மேடம். நீங்க இவ்வளவு தூரம் வந்திருக்கக் கூடாது."

தலைவிக்கு ஒரு யோசனை. உயரம்தானே கெடுத்தது, இறங்கிவிடலாம் என்று அப்படியே தெருப் புழுதியில் குந்தினார். பாடப்புத்தகங்களில் இதற்கு நல்ல பெயர்கூட உண்டு. ஆனால் ஓர் ஆபீசர் தன்னால் மண்ணில் உட்கார நேர்ந்ததைக் கண்ட ஓட்டுநர் துடித்துப்போனார். "மேடம், எழுந்திருங்க மேடம், தயவுசெஞ்சு எழுந்திருங்க" என்று கெஞ்சினார். முகம் வெளிறியது. தலைவி சட்டென்று எழுந்துகொண்டார். இந்த மனிதருக்குத் தன்னால் இன்னும் என்னென்ன கெடுதல் செய்ய முடியும் என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது.

சின்னம்மா மறுபக்கம் போய்க் கதவைத் தட்டினார். "சார், வெயில் தாங்கல. கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா?"

பூட்டு திறந்தது. இரண்டு பேரும் முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். சின்னம்மா கிளட்ச் பற்றி ஏதோ கேட்பது தலைவிக்குக் காதில் விழுந்தது. ஓட்டுநர் பதில் சொல்லத் தொடங்கினார். தலைவி பக்கம் பார்வை போனதும் நிறுத்தினார். மறுபடி தொடங்கினார். மறுபடி நிறுத்தினார்.

சின்னம்மா இறங்கி வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். உயிரோட இருக்கப் பிடிக்கலைன்னு வாய்விட்டுச் சொல்லிட்டாரு. வார்டுக்கு வர்றேன்னும் சொல்றாரு. ஆனா..."

"நான் இருக்கக் கூடாது."

"உங்க முன்னாடி அழுதுடுவோம்னு பயப்படறாரு. உங்களுக்கு அசிங்கமாம். உங்க பேஷண்ட் இப்படி ஆயிட்டான்னு யாராவது சொல்லிடுவாங்களாம்."

பல வருடம் சாய்ந்து சாய்ந்து தான் சம்பாதித்த இடத்தை இந்தப் பெண் ஒரே காலையில் வாங்கிக்கொண்டாள் என்று ஓர் எண்ணம் வந்தது. தலைவி மனிதர்தான். அதை மென்று விழுங்கிவிட்டு, "வாய்விட்டுச் சொன்னாருல்ல, அது போதும். தனியா விட்டுடாத. வார்டுல இன்னிக்கு முழுக்க பக்கத்துலயே இரு. சாயங்காலம் என்கிட்ட வந்து சரின்னு மட்டும் சொல்லாத, நடந்ததைச் சொல்லு" என்றார்.

பிறகு தெருமுனையைத் தாண்டி நடந்தார். அங்கே ஒரு பஞ்சர் கடை. டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"என்ன வேணும்மா?"

"ஒண்ணும் வேணாம். கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போறேன்."

தெருவிலிருந்து ஓர் ஆணின் அழுகைச் சத்தம் வந்தது. மாடியறையில் ஒருநாளும் கேட்டிராத சத்தம். கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"யாருங்க அது? உங்களுக்கு வேண்டியவரா?"

"ஆமா."

"போய்ப் பாக்கலியா?"

வேனின் கதவு திறக்கும் சத்தமும், கண்ணாடியின் மனைவி "மெதுவா, மெதுவா" என்பதும் கேட்டன. ஆம்புலன்ஸ் கிளம்பி அந்த முனையில் திரும்பியபோது, உள்ளே இருப்பவர் கண்ணில் பட்டு அவர் மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்துவிடக் கூடாதே என்று, துறைத்தலைவி அடுக்கி வைத்திருந்த டயர்களுக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டார்.