ஸ்டீலுக்கு ஆகாது என்று நான் சொன்ன மெஷின்

நான் பொய் சொன்னேன். என் மனைவியின் தங்கை கலாவிடம், தெரிந்தே, வாய் கூசாமல் பொய் சொன்னேன். எந்த மெஷின் வாங்கலாம் என்று அவள் கேட்டாள். வாங்கக் கூடாததை வாங்கச் சொன்னேன்.

இவ்வளவுதானா என்று சிரிக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

சிதம்பரத்தில் பல்செட் செய்யும் லேப் வைத்திருக்கிறேன். இருபது வருடமாக என் கையில் இருப்பது மைக்ரோமோட்டார். பேனா போல ஒல்லியான கைப்பிடி, நுனியில் சுழலும் குட்டி ஊசி, வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் தனியே ஒரு பெட்டி. "உங்க வீட்டுக்காரருக்குக் கை ஆடவே ஆடாதே!" என்று சொந்தக்காரர்கள் என் மனைவி சுமதியிடம் சொல்வார்கள். அந்தப் பேச்சில் எனக்கு எவ்வளவு போதை தெரியுமா!

கலா கடலூரில் ஒரு பாத்திரக் கடையில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வாங்குகிற குடத்திலும் தட்டிலும் கொடுப்பவர் பெயரைப் பொறிக்கிற வேலை. ஒரு காதுகுத்துக்கு அவள் கொண்டுவந்த எவர்சில்வர் தட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஓரம் முழுக்க முல்லைக்கொடி! கடையில் கிடந்த, டர்ரென்று அதிரும் ஓட்டை மெஷினால் போட்டது. ஒரு கோடுகூடத் தடுமாறவில்லை. இதழின் நுனியில் கோடு மெலிந்து, மெலிந்து... எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. சத்தியமாக என்னால் அப்படிப் போட முடியாது. பார்த்த நொடியே எனக்கு அது தெரிந்துவிட்டது.

"பாத்தீங்களா, உங்களையே மிஞ்சிட்டா!" என்றாள் சுமதி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது.

அடுத்த வாரமே கலா செல்போனும் கையுமாக வந்தாள். கடையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே கண்ணாடி, மரம், பாத்திரம் எல்லாவற்றிலும் வேலை செய்ய அவளுக்கு ஆசை.

"மாமா, சொந்தமா மெஷின் ஒண்ணு வாங்கப் போறேன். இது ஒல்லியா பேனா மாதிரி இருக்கு. இது மோட்டாரோட சேந்து குண்டா இருக்கு. எது மாமா நல்லது?"

ஒல்லியானது என்னுடைய மெஷினேதான். நுணுக்கமான வேலைக்கு அதுதான் சரி. குண்டு மெஷின் வெட்டவும் துளை போடவும் நல்லது. ஆனால் மோட்டார் கைக்குள்ளேயே அதிரும், சுடும். நாள் முழுக்கப் பிடித்து எழுதினால் விரல் மரத்துப்போகும். எல்லாம் எனக்குத் தெரியும்!

"ஒல்லியானது பல்லு வேலைக்குத்தான் கலா. ஸ்டீல்ல வெச்சா ஒரே வாரத்துல போயிடும். குண்டா இருக்கே, அதையே வாங்கிக்க."

ஸ்டீலுக்கு ஆகாதாம்! ஸ்டீலைவிடக் கடினமான உலோகத்தை அதே மெஷினால்தான் நான் தினமும் தேய்க்கிறேன். எப்படி வந்தது அந்த வார்த்தை என் வாயில்?

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மாமா" என்று வாங்கிவிட்டாள்.

சீக்கிரமே சலித்துப்போய் விட்டுவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளா விடுவாள்! கனம் தாங்காமல் போனபோது பழைய புடவையைக் கிழித்து, மெஷினை ஜன்னல் கம்பியிலிருந்து தொங்கவிட்டாள். சூடேறினால் அணைத்துவிட்டு, அது ஆறும்வரை அடுத்த பாத்திரத்தில் மார்க்கரால் கொடி வரைந்தாள். ஒருமுறை கண்ணாடி டம்ளரில் அவள் செதுக்கிய மீனைப் பார்த்தேன். செதில் செதிலாக மின்னியது. பரங்கிப்பேட்டையிலிருந்தெல்லாம் அவளைத் தேடி வந்தார்கள். அந்த மெஷினை வைத்துக்கொண்டு அப்படி ஒரு வேலை... என்ன பெண் அவள்!

ஐந்து வருடம் போயிற்று. போன மாதம் சுமதி சொன்னாள்: கலாவுக்கு வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துவிட்டனவாம். அதிர்வால் நரம்பு கெட்டிருக்கிறது, பழையபடி ஆகுமா என்று சொல்ல முடியாது என்றாராம் டாக்டர்.

ஒல்லி மெஷின் ஒன்றைப் புதிதாக வாங்கிக்கொண்டு கடலூருக்கு ஓடினேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் நூறு முறை முடிவு செய்தேன்.

கலா அதை இடது கையில் எடுத்துப் பார்த்தாள். "என்னா லேசா இருக்கு மாமா! இது ஸ்டீலுக்கு ஆகாதுன்னீங்களே?"

சொல்ல வேண்டியதுதானே! வாயைத் திறந்தேன்...

"இது ஸ்டீலுக்குன்னே புதுசா வந்திருக்கு கலா. இப்பதான்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "வந்த உடனே எனக்குன்னு தூக்கிட்டு வந்துட்டீங்களா! எங்க அக்கா குடுத்து வெச்சவ மாமா."

உள்ளே போய் டீ போட்டு வந்தாள். இடது கையால் நீட்டினாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க மாமா. சோத்துக்கையில டம்ளர் நிக்க மாட்டேங்குது."

மன்னிப்புக் கேட்டாள்... அவள், என்னிடம்! நான் அந்த டீயை வாங்கிக் குடித்தேன்.