விழாமலே ஒடிந்த எலும்பு

எண்பதுகளின் நடுவில் எனக்கு முடக்குவாதம் வந்தது. அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை. ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். காலையில் எழுந்தால் விரல் மடங்காது. சேலைக் கொசுவத்தை என் கணவர்தான் பிடித்துவிடுவார். டாக்டர் எழுதிக்கொடுத்த சின்ன வெள்ளை மாத்திரை ஒன்றுதான் என்னை வகுப்பு வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. வருடக்கணக்கில் அதை விழுங்கினேன்.

பிறகு இடுப்பு வலிக்கத் தொடங்கியது. யாரிடம் சொன்னாலும், "வாதம் இடுப்புக்கு எறங்கிருச்சு" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு அரையாண்டு லீவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். காலையில் தரையில் கிடந்த போர்வையை எடுக்கக் குனிந்தேன். இடுப்புக்குள் சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம். அது என் உடம்புக்குள்ளிருந்துதான் வந்தது என்று புரிவதற்குள் அப்படியே முழங்காலில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சை இழுத்தால் உயிர் போகிற வலி.

"ஏட்டி, என்னாச்சு?" அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"தொடாதம்மா. தொட்டா செத்துருவேன்."

பெஞ்சுப் பலகையில் படுக்கவைத்து, வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எப்பம்மா விழுந்தீங்க?"

"விழலயே சார்."

"மாடிப்படியில, பஸ்ஸுல? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"போர்வைய எடுக்கக் குனிஞ்சேன், அம்புட்டுதான்."

அவர் படத்தை என் கணவரிடம் காட்டினார். முதுகுத்தண்டில் கட்டை கட்டையாக அடுக்கியிருந்த எலும்புகளில் ஒன்று மட்டும் அமுக்கிய வெல்லக்கட்டி போல நசுங்கியிருந்தது.

"வாதம் கை கால் மூட்டுலதான சார் வரும்? முதுகு எப்படி ஒடியும்?" என்று கேட்டார் கணவர்.

"வாதமும் எலும்பக் கரைக்கும். இவங்க சாப்பிடுற மாத்திரையும் கரைக்கும். ரெண்டும் சேர்ந்து உள்ள பஞ்சு மாதிரி ஆயிருச்சு. அதுக்காக மாத்திரைய சட்டுன்னு நிறுத்திராதீங்க, அது இன்னும் ஆபத்து. கொஞ்சங் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

என்னை நடக்கவைத்த மாத்திரைதான் என் முதுகைத் தின்றுகொண்டிருந்தது. அழக்கூட வரவில்லை. மேலே சுழன்ற மின்விசிறியையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

மாதக்கணக்கில் அம்மா வீட்டிலேயே படுக்கை. பிறகு இடுப்பில் கெட்டியான பெல்ட் போட்டு, கணவரின் தோளைப் பிடித்து எழுந்தேன். ராஜபாளையம் திரும்புவதற்காகச் சேலை கட்டி வாசலுக்கு வந்தபோது அவர், "கொஞ்சம் ஏத்திக் கட்டு, கீழ பெரளுது" என்றார்.

எப்போதும்போலத்தான் கட்டியிருந்தேன். தங்கச்சியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். அவள் என்னைவிட இரண்டு விரல் குட்டை. இப்போது இருவர் கண்களும் நேருக்கு நேராக இருந்தன. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏன்க்கா, குனிஞ்சா நிக்க?"

"இல்லட்டி. நேராத்தான் நிக்கேன்."

எக்ஸ்ரே பார்த்தபோது வராத அழுகை அங்கே வந்தது. அம்மா என் சேலையை உயர்த்திச் செருகிவிட்டாள்.

மறு வருஷம் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன். நாற்காலியில் உட்கார்ந்தே பாடம் நடத்தத் தலைமையாசிரியை அனுமதித்தார். இடுப்பு வலிக்கிறது என்று எந்த டீச்சர் சொன்னாலும், "மொதல்ல படம் எடுத்துப் பாருங்க" என்று விரட்டிக்கொண்டிருந்தேன்.