நாலு ஸ்டாரும் ஆறிப்போன டீயும்

என் வீட்டுக்காரர் ஒரு ஜோடி செருப்பு வாங்குவதென்றாலும் முப்பது பேர் போட்ட ரிவ்யூவைப் படித்துவிட்டுத்தான் வாங்குவார். வாங்கிய செருப்பு காலைக் கடிக்கும். கடித்தாலும் குற்றம் செருப்பின் மேல் இல்லை. முப்பது பேரைக் கடிக்காதது நம்மை மட்டும் ஏன் கடிக்கிறது என்று யோசித்தபடியே நொண்டுவார். இந்த மனுஷனோடு இருபத்தேழு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ரிவ்யூக்களை எழுதுவதுதான் இவருக்கு உத்தியோகமே. பேட்டரிக் கடைக்கு மேலே ஓர் அறை, ஆறு மேசை, ஆறு கம்ப்யூட்டர், திறக்க முடியாத ஒரு ஜன்னல். அங்கே உட்கார்ந்துகொண்டு, தங்காத ஓட்டலுக்கும் தின்னாத கேக்குக்கும் நாளொன்றுக்கு நாற்பது ரிவ்யூ எழுதுவார். ஒரு தரம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்கு, "எனக்குச் சுகப்பிரசவம், நர்சுகள் தங்கம்" என்று எழுதிவிட்டு வந்து என்னிடமே பெருமையாகச் சொன்னார். நான் ஆபரேஷனில் பெற்றவள். அன்றைக்கு இவர் ஆஸ்பத்திரி வாசலில் எந்தத் தொட்டில் நல்லது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

சொந்தமாக ஒரு கண்டுபிடிப்பும் உண்டு.

"அஞ்சு ஸ்டார் போட்டா இப்பல்லாம் எவனும் நம்ப மாட்டான். நாலு போடணும். நடுவுல சின்னதா ஒரு குறை வைக்கணும். அப்பத்தான் நிஜமாவே போயிட்டு வந்தவன் எழுதுன மாதிரி இருக்கும்."

இந்த மகா தந்திரத்துக்கு ஆபீசில் ஒரு சுவர்க் கடிகாரம் பரிசு கொடுத்தார்கள். கூடத்தில் மாட்டியிருக்கிறது. எந்நேரமும் பத்து நிமிஷம் பின்னால்தான் ஓடும். அதன் கீழே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நான் வைத்த டீ பக்கத்தில் கிடந்து ஏடு கட்டும். பிறகு ஒரு வாய் குடித்துவிட்டு, "டீ ஆறிப்போயிருக்கே" என்பார், நான் ஆற வைத்துக் கொடுத்தது போல. நானும் எத்தனையோ தரம் திட்டியாயிற்று. செவிடன் காதில் ஊதிய சங்கு.

எங்களுக்கு ஒரே மகள். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துக்கொண்டே, காட்டு விலங்குகளைக் கணக்கெடுக்கும் குழுவில் சேர எழுத்துத் தேர்வு எழுதித் தேறிவிட்டாள். பாக்கி ஒன்றுதான். வரைபடத்தையும் திசைகாட்டியையும் கையில் கொடுத்துக் காட்டில் விடுவார்கள். நாலு மணி நேரத்தில் அங்கங்கே நட்டிருக்கும் ஆறு கம்பங்களைக் கண்டுபிடித்து வர வேண்டும். இந்த வருஷத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது. இதை விட்டால் ஆயுசுக்கும் மூக்குக் கண்ணாடி துடைக்க வேண்டியதுதான்.

அதற்கு ஒரு பயிற்சி வேண்டும். ஊருக்கு வெளியே அக்கா தங்கை இரண்டு பேர் நடத்துகிற வகுப்பை அவளே தேடி வைத்திருந்தாள். அதற்கு இருந்தது ஒரே ஒரு ரிவ்யூ, மூன்று ஸ்டார். "மழையிலேயே நடக்க விட்டார்கள். கால் வீங்கிவிட்டது. ஆனால் இப்போது எங்கே விட்டாலும் வந்து சேருவேன்."

"இதெல்லாம் ஒரு ரிவ்யூவா? கால் வீங்கிச்சாமே!" என்று இவர் சிரித்தார். "நீ சும்மா இரும்மா. பொய் ரிவ்யூ எது, நிஜம் எதுன்னு அப்பாவுக்குத் தெரியாதா? என் தொழிலே அதுதானே."

மூன்று நாள் உட்கார்ந்து படித்தார். அஞ்சு ஸ்டாரையெல்லாம் கூலிக்கு எழுதியது என்று தள்ளினார். கடைசியில் நகரத்துக்குள் ஏசி ஹாலில் நடக்கிற ஒரு பயிற்சி நிலையத்தைப் பிடித்தார். "எல்லாம் நாலு ஸ்டார், எல்லாத்திலயும் ஒரு குறை. மனுஷன் எழுதுனதுன்னா இதுதான்!" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் திரைச்சீலை தைத்துப் பிழைக்கிறவள், துணியைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு முழம் வாங்க மாட்டேன். ஆனாலும் அன்றைக்கு, அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லித் தொலைத்தேன். அந்த ஒரு பாவம் என்னுடையது.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதை என்பார்கள். அங்கே படித்துவிட்டுத் தேர்வுக்குப் போன என் மகளுக்கு அது அப்படியே நடந்தது. வரைபடம் காற்றில் மடங்காமல் இருக்க அடியில் போனை வைத்து, அதன் மேல் திசைகாட்டியை வைத்துப் பார்க்க வேண்டும் என்று அந்த நிலையத்து வாத்தியார் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவள் போன் உறையில் காந்தம் இருக்கிறது. முள் வடக்கை விட்டுவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. அதை நம்பி நடந்தவள், காட்டின் மறுபக்கத்தில் ஒரு லாரி ஷெட்டில் போய் வெளியே வந்தாள். ஆறு கம்பத்தில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

"வடக்கு உன் போன்லயாம்மா இருக்கு?" என்று தேர்வு அதிகாரி எல்லோர் முன்னாலும் கேட்டாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அவள் அழவில்லை.

அன்று சாயங்காலம் அந்த நாலு ஸ்டார்களை நானே எடுத்துப் படித்தேன். "வாத்தியார் கையைப் பிடித்துச் சொல்லித் தருகிறார். டீ மட்டும் ஆறிப்போயிருந்தது." அடுத்தது, "காட்டையே கரைத்துக் குடித்தவர்கள். டீ மட்டும் கொஞ்சம் ஆறிப்போயிருந்தது." வரிசையாக முப்பத்தாறு. முப்பத்தாறிலும் டீ ஆறிக் கிடந்தது.

"ஏங்க, இங்க வாங்க. இது யார் எழுதுனது?"

படித்தார். தலையைச் சொறிந்தார். "போன வருஷம் ஏதோ பயிற்சி நிலையம்னு ஒண்ணு வந்துச்சு. தினம் நாப்பது எழுதுறேன், எதைன்னு ஞாபகம் வச்சுக்கிறது?" என்றவர், இன்னும் இரண்டைப் படித்துவிட்டு, "ஆனா நல்லாத்தான் எழுதியிருக்கேன், இல்ல?" என்றார்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவனைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சூனியம் எவ்வளவு அழகு என்று மெச்சிக்கொண்டவனை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் மகள் அந்த நிலையத்துக்கு ஒரு ஸ்டார் போட்டு, தன் சொந்தப் பெயரிலேயே நடந்ததை எழுதினாள். காந்தம், போன், லாரி ஷெட், எல்லாம். இன்னொரு பெண்ணாவது ஏமாறாமல் இருக்கட்டும் என்றாள்.

சனிக்கிழமை காலை இவர் மேனேஜரிடமிருந்து போன். கூடத்தில் ஸ்பீக்கரில்தான் பேசினார். "அந்தப் பயிற்சி நிலையத்துக்கு ஒரு ஒத்த ஸ்டார் விழுந்திருக்காம். கிளையண்ட் கத்துறான். மத்தியானத்துக்குள்ள இருபது போட்டு அதைக் கீழ தள்ளிடுங்க."

முடியாது என்று சொல்வார் என்று நினைத்தேன். இருபத்தேழு வருஷத்துக்கு அப்புறமும் அப்படி நினைத்தேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "சரி சார்" என்றார். லேப்டாப்பைத் திறந்தார். என் முகத்தைப் பார்க்காமலே, "வேலைன்னு வந்தா வேலைதானே. நான் எழுதலேன்னா பக்கத்து மேசைக்காரன் எழுதப் போறான்" என்றார்.

மகள் குளித்துவிட்டு வந்தாள். பின்னால் நின்று திரையைப் பார்த்தாள்.

"அப்பா, அதுல ஒண்ணுலயாவது 'அந்தப் பொண்ணுதான் பாடத்தைச் சரியா கவனிக்கல'ன்னு எழுதுங்க. அப்பத்தான் நம்புவாங்க" என்றாள்.

இவர் கை நின்றது. ஏனென்றால் அதைத்தான் எழுதியிருந்தார். மூன்றாவதில். நாலு ஸ்டார் போட்டு.

அவள் பையை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குக் கிளம்பிப் போனாள். இவர் நாலாவதை ஆரம்பித்தார். பழக்கத்தில் கையைப் பக்கவாட்டில் நீட்டி டம்ளரைத் தேடினார். மேசையில் ஒன்றும் இல்லை.

"டீ எங்க?" என்றார்.

"எழுதிக்கோங்க, ஆறிப்போச்சுன்னு" என்றேன். அன்றிலிருந்து நான் அவருக்கு டீ போடுவதில்லை.